பழைய மாதிரி ஒரு கேம், ஆனா இரவல் குடுக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கடைசிப் பக்கத்துல, லீவுல பசங்க டவுன்லோடு பண்ணி விளையாட பழைய ஸ்டைல் வீடியோ கேம்னு ஒரு சின்ன பெட்டி போட்டிருந்தீங்க. அதுல ஷவல் நைட்டுக்கு ஒதுக்கினது ஒண்ணரை வரி, "பழைய மாரியோ மாதிரியே இருக்கும், பொழுது போகும்"னு. அதே பக்கத்துல மேல ஒரு சினிமாவுக்கு முக்கால் பக்கம் விமர்சனம், கேமரா எப்படி, எடிட்டிங் எப்படி, இடைவேளைக்கு அப்புறம் எங்க இழுவைன்னு புட்டு புட்டு வச்சிருக்கீங்க. சினிமாவுக்கு எழுதுறத குறை சொல்லலங்க, நானும் அதத்தான் முதல்ல படிப்பேன். ஆனா அந்த ஒண்ணரை வரியை எழுதினவர் கேமை திறந்தே பார்த்திருக்க மாட்டாருன்னு தோணுச்சு, அதான் இந்த லெட்டர். நீளமா போயிடுச்சுன்னா வெட்டிப் போட்டுக்கங்க.

நான் கோத்தகிரிக்காரன். டீ எஸ்டேட் லைன் வீட்ல வளர்ந்தவன், இப்ப டவுன்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். 1995 வாக்குல எங்க லைனுக்கே முதல்ல ஒரே ஒரு வீட்லதான் டிவி கேம் வந்துச்சு, கோயம்புத்தூர்ல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் வாங்கிட்டு வந்தது. ஜப்பான்ல நின்டென்டோ 1983ல விட்ட ஃபாமிகாம் மெஷினை அப்படியே காப்பியடிச்சு செஞ்ச மலிவு மெஷின் அதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, அன்னைக்கு எங்களுக்கு அது வெறும் டிவி கேம்தான். கேசட் மேல 99999 இன் 1னு போட்டிருக்கும், உள்ள போனா ஏழெட்டு கேம்தான் பேரு மாத்தி மாத்தி வரும். கான்ட்ரா, டாங்க், ரோடு ரேஸ், மாரியோ. ஓடலன்னா கேசட்டை எடுத்து அடியில ஃபூன்னு ஊதி திரும்ப போடணும், எதுக்கு ஊதுறோம்னு யாருக்கும் தெரியாது ஆனா ஊதாம போட்டா நிச்சயம் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஐப்பசி கார்த்திகை மழையில எங்க ஊர் கரண்ட் எப்படின்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. எங்கயோ ஒரு சில்வர் ஓக் கிளை லைன்ல விழும், கான்ட்ரால ஆறாவது ஸ்டேஜ் வரைக்கும் போயிருப்போம், பொட்டுனு எல்லாம் இருட்டு. அந்த கேம்ல சேவ் எல்லாம் கிடையாது, திரும்ப முதல்லேர்ந்துதான். அந்த அண்ணனோட அம்மா அதுதான் சாக்குன்னு "போங்கடா வீட்டுக்கு, கரண்ட் வந்தா கூப்பிடுறேன்"னு கதவை சாத்திடுவாங்க. கரண்ட் வரும், கூப்பிட மாட்டாங்க.

இப்ப என் பையனுக்கு 12 வயசு. அவன்தான் போன வருஷ டிசம்பர்ல "அப்பா இது உங்க காலத்து கேம் மாதிரி இருக்கு"ன்னு ஷவல் நைட்டை காட்டினான். உண்மையில அது அவன் காலத்து கேம், 2014 ஜூன்ல வந்தது. யாட் கிளப் கேம்ஸ்னு ஒரு சின்ன டீம் செஞ்சது, யாட்னா படகு, பேரைக் கேட்டா நம்ம ஊட்டி போட் ஹவுஸ்ல டிக்கெட் குடுக்குறவங்க மாதிரி இருக்கும், வேஃபார்வர்டுங்கிற கேம் கம்பெனில இருந்து வெளிய வந்து தனியா ஆரம்பிச்சவங்க. 2013ல கிக்ஸ்டார்ட்டர்ங்கிற, காசு திரட்டுற வெப்சைட்ல 75 ஆயிரம் டாலர் கேட்டு ஜனங்க கிட்ட கை நீட்டினாங்க, 3 லட்சத்து 11 ஆயிரம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு.

கதை சின்னதுதான். நீலக் கவசம் போட்ட வீரன், கையில வாள் கிடையாது, ஷவல். மம்பட்டி இல்லைங்க, மண்ணு அள்ளுற ஷவல். இவன் கூடவே சாகசம் பண்ணிக்கிட்டு இருந்த ஷீல்டு நைட்டுங்கிற வீராங்கனை ஒரு கோபுரத்துல காணாமப் போயிடுறா, இவன் மனசு ஒடஞ்சு எல்லாத்தையும் விட்டுட்டு ஒதுங்கிடுறான், அந்த நேரம் பார்த்து ஒரு சூனியக்காரி எட்டு வீரர்களை வச்சுக்கிட்டு நாட்டைப் பிடிச்சுக்கிறா. கோபுரத்துக்குப் போற வழியில எட்டு பேரையும் ஜெயிக்கணும். என் வீட்டுக்காரம்மா பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு "மண்ணள்ளுற கேமையா காசு குடுத்து வாங்கினீங்க, பின்னாடி கேரட் பாத்தி ஒரு மாசமா கொத்தாம கெடக்கு, அதை கொத்தினா நான் காசு தர்றேன்"னாங்க. பதில் சொல்ல முடியல.

மாரியோ மாதிரின்னு உங்க ஆள் எழுதினாரு இல்லீங்களா. மேப்பு வேணா மூணாவது மாரியோவை ஞாபகப்படுத்தும். விளையாட்டு அது இல்ல. குதிச்சு நடு அந்தரத்துல கீழ் பட்டனை அமுக்கினா ஷவலை காலுக்கடியில வச்சுக்கிட்டு எதிரி தலையில இறங்குவான், இறங்கினதும் பந்து மாதிரி எம்புவான், அப்படியே அடுத்த தலை, அதுக்கடுத்த தலை. இது 1989ல கேப்காம் கம்பெனி செஞ்ச டக் டேல்ஸ்ங்கிற கேம்ல அந்த கிழட்டு வாத்து கைத்தடியை ஊனி ஊனிக் குதிக்குமே, அங்கேர்ந்து வந்த வித்தை. இதை எப்படி சொல்லிக்குடுக்குறாங்க பாருங்க, முதல் லெவல்ல கீழ போற வழியை ஒரு மண்கட்டி அடைச்சிருக்கும், பக்கவாட்டுல அடிக்க முடியாது, மேலேர்ந்து குத்தினாத்தான் ஒடையும். அங்க நின்னு ரெண்டு தடவை முழிச்சா தானா கை கீழ் பட்டனுக்குப் போயிடும். எனக்கு டிரைவிங் சொல்லிக்குடுத்தவர் இவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுத்திருந்தா 14 கொண்டை ஊசி வளைவுக்கு நான் இன்னும் பயந்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஆனா கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது சாவுதான். கேட்க ஒரு மாதிரி இருக்கும், சொல்றேன். பழைய கேம்ல மூணு உயிர், மூணும் போனா ஆட்டம் காலி. இதுல உயிர்க் கணக்கே கிடையாது, எத்தனை தடவை வேணா சாகலாம். செத்தா நீங்க சேர்த்து வச்ச காசுல ஒரு பங்கு, றெக்கை மொளச்ச பை பையா நீங்க விழுந்த இடத்துலயே மிதந்துக்கிட்டு நிக்கும். திரும்பப் போய் எடுத்துக்கலாம். எடுக்குறதுக்குள்ள இன்னொரு தடவை செத்தா அது போச்சு. பள்ளத்துக்கு மேல மிதக்குது பாருங்க அந்தப் பை, அதுக்கு ஆசைப்பட்டு குதிச்சு அதே பள்ளத்துல விழுந்தவன் நான், எத்தனை தடவைன்னு பையன்தான் எண்ணி வச்சிருக்கான். அப்புறம் நடு வழியில செக்பாயிண்ட்னு கண்ணாடி உருண்டை இருக்கும், செத்தா அங்கேர்ந்து தொடங்கலாம். அந்த உருண்டையை நீங்களே ஷவலால ஒடைச்சா உள்ள இருந்து நகை கொட்டும், ஆனா அதுக்கப்புறம் செத்தா அங்கேர்ந்து தொடங்க முடியாது, முந்தின இடத்துக்குப் போகணும்.

இதுல எங்க வீட்ல ரெண்டு கட்சி. நான் ஒண்ணைக்கூட ஒடைக்க மாட்டேன், வாழ்க்கையில எல்ஐசி, போஸ்ட் ஆபீஸ் ஆர்டின்னு போட்டே பழகினவன். பையன் எதிர்ல எந்த உருண்டை வந்தாலும் முதல்ல ஒடைச்சுட்டுதான் மறு வேலை. ஈஸி, நார்மல், ஹார்டுன்னு தொடக்கத்துல கேட்டு நம்மள வெட்கப்பட வைக்காம, இந்த ஒரு கண்ணாடி உருண்டையில அவனவன் ஆட்டத்தை அவனவனே கஷ்டமாக்கிக்கலாம்னு கேம் செஞ்சவன் விட்டிருக்கான் பாருங்க, நாங்க ரெண்டு பேரும் விளையாடினது ஒரே லெவல், ஆனா பையன் விளையாடின கேமும் நான் விளையாடின கேமும் வேற வேற. உங்க சினிமா விமர்சகர் இதைத் திரைக்கதைன்னு சொல்வாரா என்னன்னு தெரியல, எழுதுறதுக்கு முக்கால் பக்கம் தாராளமா இருக்கு.

எட்டு வீரர்ல எனக்குப் பிடிச்சவர் போலார் நைட். பெரிய ஆள், கையில பனி வார்ற ஷவல், அவர் இடம் பூரா உறைஞ்சு கெடக்கும். சண்டை போடுற தரையில பனி மூடியிருக்கும், அள்ளினா அடியில முள்ளு. ஜனவரில தலைகுந்தா பக்கம் விடியக்காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா விரிச்சுக் கெடக்குறப்ப டூரிஸ்ட் போட்டோ எடுப்பாங்க, அதே பனியில டீ கொழுந்து கருகிப் போச்சேன்னு பக்கத்துல ஒருத்தர் நிப்பாரு இல்லீங்களா, எனக்கு அந்த லெவல் அப்படித்தான் பட்டுச்சு. பையனுக்குப் பிடிச்சது டிங்கர் நைட், சுண்டைக்கா மாதிரி ஒரு ஆளு, அடிச்சா அழுதுடுவான் போல இருக்கும், ஜெயிச்சுட்டோம்னு நிம்மதியா மூச்சு விட்டா அடுத்து வீடு சைஸுல ஒரு மெஷின்ல ஏறிக்கிட்டு வர்றான். அப்புறம் மீன் பாதி ஆப்பிள் பாதியா ஒரு ராஜா இருக்காரு, இங்கிலீஷ்ல ரெண்டு பேரையும் ஒட்டி டிரவ்பிள் கிங்னு வச்சிருக்காங்க, எங்க வீட்ல ஆப்பிள்மீன் ராஜா. அவர் ஆடுற டான்ஸை மட்டும் பார்க்க என் வீட்டுக்காரம்மாவும் வந்து உட்கார்ந்தாங்க, கேரட்டு அன்னைக்கும் கெடந்துச்சு.

நடுவுல சில லெவல் முடிஞ்சதும் ஷவல் நைட் நெருப்பு மூட்டி தனியா படுத்துப்பான். கனவுல ஷீல்டு நைட் மேலேர்ந்து விழுந்துக்கிட்டே இருப்பா, நாம கீழ நின்னு சுத்தி வர்ற பூதத்தை எல்லாம் அடிச்சுக்கிட்டே சரியான நேரத்துல எம்பிப் பிடிக்கணும். ஒரு வசனம் கிடையாது. நாலு சதுரம் சேர்த்து வரைஞ்ச பொம்மைதான் அது, மூஞ்சி கூடத் தெரியாது. முதல் தடவை அது வந்தப்ப பையன் எதுவும் பேசல, நானும் பேசல.

பழைய மாதிரியே இருக்கும்ங்கிறதும் சரியில்லங்க. பழைய ஃபாமிகாம்ல ஒரு கோட்டுல 8 துண்டு உருவத்துக்கு மேல காட்ட முடியாது, அதான் எதிரிங்க கூட்டமா வந்தா மினுக் மினுக்னு மறைஞ்சு மறைஞ்சு வருவாங்க, நாங்க அதை டிவி கோளாறுன்னு நினைச்சு தட்டுவோம். ஷவல் நைட்ல அந்த மினுக்கல் கிடையாது, ஸ்கிரீன் அகலம், பழைய மெஷின்ல இருந்த கலரோட சில புது கலரையும் சேர்த்துக்கிட்டாங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்து பழைய செட்டை எடுத்து, ஊதி, ஓட விட்டு பையனுக்குக் காட்டினேன், அவன் அஞ்சு நிமிஷத்துல "அப்பா இது ரொம்ப மோசமா இருக்கே"ன்னு ஜாய்ஸ்டிக்கை கீழ வச்சுட்டான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒத்துக்கல.

பாட்டு மட்டும் அச்சு அசல் பழசு. ஜேக் காஃப்மன்கிறவர் போட்டது. பழைய மெஷின்ல ஒரே நேரத்துல 5 வகை சத்தம்தான் வரும், ஜப்பான்ல கொனாமி கம்பெனி சில கேசட்டுக்குள்ள விஆர்சி6னு கூடுதலா ஒரு சிப்பு வச்சு இன்னும் 3 சேர்த்தாங்க. இவர் அந்த 8க்குள்ளயே நின்னு எல்லாத்தையும் போட்டிருக்காரு. இதுல ரெண்டு பாட்டு போட்டது மனாமி மட்சுமே, 1987ல வந்த முதல் மெகா மேன்ங்கிற கேமுக்கு இசை போட்ட அதே அம்மா. நம்ம ஊர்ல ஒரு புதுப் படத்துக்கு பழைய இசையமைப்பாளர் ரெண்டு பாட்டு போட்டா நீங்க முதல் பக்கத்துல போடுவீங்க.

குறை இல்லாம இல்ல. வழியில காசு குடுத்து வாங்குற மாயப் பொருள் சிலது ஆட்டத்தைக் கெடுக்குது, ஃபேஸ் லாக்கெட்னு ஒண்ணு இருக்கு, கொஞ்ச நேரம் உங்களை எதுவுமே தொடாது, கஷ்டமான இடத்துல எல்லாம் அதைப் போட்டுக்கிட்டு நடந்தே போயிடலாம், நான் போனேன், அதனாலதான் சொல்றேன். கடைசிக் கோபுரத்துல எட்டு வீரரையும் வரிசையா திரும்ப அடிக்க விடுறது அந்தக் காலத்து கேம்ல இருந்த கெட்ட பழக்கம், அதை ஏன் மெனக்கெட்டு எடுத்துட்டு வந்தாங்கன்னு தெரியல. தமிழ் கிடையாது, ஜப்பான் பாஷை, பிரெஞ்சு எல்லாம் இருக்கு. வசனம் பூரா சிலேடை, இங்கிலீஷ் தெரிஞ்ச பையன் சிரிக்கிறப்ப நான் சும்மா கூட சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்துச்சு.

ஒண்ணு மட்டும் மெச்சணும். 2013ல ஜனங்க கிட்ட காசு வாங்கினப்ப, மத்த வீரர்களை வச்சும் தனித்தனி கதை தர்றோம்னு வாக்கு குடுத்தாங்க. பிளேக் நைட்டுக்கு 2015ல, ஸ்பெக்டர் நைட்டுக்கு 2017ல, கிங் நைட்டுக்கு 2019 டிசம்பர்ல, ஏற்கனவே வாங்கினவங்களுக்கு ஒரு பைசா வாங்காம. ஒவ்வொண்ணும் ஒரு முழு கேமு. ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா குடுத்தாங்க. சீட்டு போட்டு ஏமாந்த எங்க தெருக்காரங்க கிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க.

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன், அது இந்த கேம் மேல இல்ல. லைன் வீட்டு நாள்ல ஒரு கேசட்டை ஒருத்தன் வாங்கினா அது பத்து வீடு சுத்தும். கேசட் குடுத்தா கேசட் வாங்கணும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருப்பணும், திருப்பலன்னா அடுத்த தடவை கிடையாது. என் கையில இருந்தா உன் கையில இல்ல, அவ்ளோதான் கணக்கு. ஷவல் நைட்டை நான் ஒரு ஆன்லைன் கடையில வாங்கி டவுன்லோடு பண்ணினேன், முடிச்சதும் பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள் நீங்க முடிச்சுட்டீங்கள்ல, ஒரு வாரம் குடுங்க"ன்னு கேட்டான். எப்படிக் குடுக்குறது? அது என் அக்கவுண்ட்டோட கட்டிக் கெடக்கு. ஒரே வீட்டு ஆளுங்கன்னா ஃபேமிலின்னு சேர்த்துக்கலாமாம், செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் ஃபேமிலி இல்லையாம். பன்னெண்டு வருஷமா எங்க வீட்ல சாப்பிட்டு வளர்ந்த பையன் அவன்.

இதுக்கு மேல ஒண்ணு. ஷவல் நைட் 2014ல முதல்ல வந்தது கம்ப்யூட்டர்லயும் நின்டென்டோவோட வீ யூ, 3டிஎஸ்ங்கிற ரெண்டு மெஷின்லயும். அந்த ரெண்டு மெஷினோட ஆன்லைன் கடையையும் 2023 மார்ச் 27ல மூடிட்டாங்க, முன்னாடி வாங்கினவங்க திரும்ப இறக்கிக்கலாம், புதுசா ஒருத்தர் அங்க வாங்க முடியாது. 1995 கேசட் பரண்ல 30 வருஷம் கெடந்து ஊதினா ஓடுது, மோசமா ஓடுது, ஆனா ஓடுது. கலிஃபோர்னியால 2025 ஜனவரி 1லேர்ந்து சட்டமே போட்டிருக்காங்க, டிஜிட்டல் பொருளை "வாங்கு"ன்னு பட்டன் வச்சு விக்கிற கடை, நீ வாங்குறது லைசென்ஸ்தான்னு தெளிவா எழுதணும், இல்லன்னா அந்த வார்த்தையைப் போடக் கூடாதுன்னு. நிரந்தரமா இறக்கி வச்சுக்கிட்டு நெட் இல்லாமலே ஓட்டுற மாதிரி குடுத்தா அந்தக் கட்டாயம் இல்ல. ஷவல் நைட்டை ஜிஓஜின்னு ஒரு கடையில அப்படி பூட்டு இல்லாத ஃபைலாவே தர்றாங்க, எனக்கு இது வாங்கின அப்புறம்தான் தெரிஞ்சுது. மழைக்கு ஃபைபர் ஒயர் அறுந்தா மூணு நாள் நெட் இல்லாத எங்க மாதிரி ஊர்க்காரங்களுக்கு உங்க பெட்டியில சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். அப்படி வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்கு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா அது இரவல் ஆகாது, காப்பி ஆயிடும், செஞ்சவன் வயித்துல அடிக்கிறது, அது எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, உங்க பெட்டிக்குக் கீழயே பசங்களை சாயங்காலம் வெளிய அனுப்பி விளையாட விடுங்கன்னு ஒரு அறிவுரை. எங்க தெருவுக்கு வந்து பாருங்க சார். ஆறு மணிக்கு மேல கரடி எந்த பேக்கரி வாசனைக்கு வரும்னு தெரியாது, காட்டெருமை ரோட்டுல நின்னுச்சுன்னா ஜீப்பே ரிவர்ஸ் எடுக்குது. இங்க சாயங்கால விளையாட்டு வீட்டுக்குள்ளதான். ஸ்நூக்கருக்கு 1882ல ஊட்டி கிளப்புல விதி எழுதினாங்கன்னு வருஷா வருஷம் சீசன் மலர்ல நீங்கதான போடுறீங்க, அதுவும் மழைக்கு வெளிய போக முடியாதவன் உள்ள உட்கார்ந்து ஆடினதுதான.

வாரம் ஒரு கேம், கால் பக்கம் போதும். எங்க வாங்கலாம், நெட் இல்லாம ஓடுமா, பழைய லேப்டாப்ல ஓடுமா, எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், அப்புறம் எழுதுறவர் அதை விளையாடியிருக்கணும்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம் ஒரு மாதிரி தீர்ந்துச்சு. இந்த கேம்ல ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற வசதி இருக்கு, இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன், இப்ப தினம் ஆறரைக்கு அவன் வர்க்கி பாக்கெட்டோட வந்துடுறான். இதை எழுதுறப்பகூட முன் ரூம்ல ஒரே சத்தம், இவன் செக்பாயிண்ட்டை ஒடைக்கணும்ங்கிறான், அவன் என் கட்சி.

இப்படிக்கு,
22 வருஷமா உங்க பேப்பர் வாங்குற ஜெராக்ஸ் கடைக்காரன்,
கோத்தகிரி.